மூடிய கோவையைத் திறந்து படிப்போம்: வன்னிப் பொலிஸ் நிலையமொன்றில் விசாரணைப் பயிற்சி நடத்தும் முறை

பயிற்சிக் கல்லூரியில் படித்த விசாரணைப் பாடம் நிலையத்துக்கு வந்து இரண்டு போகம் கழிவதற்குள் மங்கிவிடுகிறது. வீதிச் சோதனை, திருவிழாக் கடமை, சந்தேகநபரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் வருதல், அமைச்சர் வந்தால் பாதுகாப்பு என்று அன்றாட வேலை அதன்மேல் ஏறிவிடும். பிறகு ஒரு நாள் சாமத்தில் ஒரு தாய் பிள்ளையைக் காணவில்லை என்று ஓடி வருவாள். அந்த நேரம் மேசையில் இருப்பவர் முதல் அரை மணித்தியாலத்தில் என்ன கேட்டார், எதை எழுதினார் என்பதில்தான் அதற்குப் பிறகு வரும் எல்லாம் தங்கியிருக்கும். புலனாய்வுப் பிரிவின் பெரிய உத்தியோகத்தர்கள் அடுத்த நாள் வரலாம். தவறவிட்ட அந்த அரை மணித்தியாலத்தை அவர்களாலும் மீட்க முடியாது.

நான் பொலிஸ் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். சேவையின் பிற்பகுதி வன்னியில்தான் கழிந்தது: வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம். இப்போது மல்லாவிக்குக் கிட்ட வயலும் வீடுமாக இருக்கிறேன். பொறுப்பதிகாரிகள் சிலர் கூப்பிடும்போது போய், இளம் உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து பழைய வழக்குகளைப் படிப்பேன். அந்த வகுப்பை நீங்களும் உங்கள் நிலையத்தில் நடத்தலாம். கொழும்பிலிருந்து விரிவுரையாளர் வரவேண்டியதில்லை, பணமும் பெரிதாகத் தேவையில்லை. வாரத்தில் ஒன்றரை மணித்தியாலம், ஒரு மேசை, முடிந்துபோன ஒரு வழக்கின் கோவை இருந்தால் தொடங்கலாம். மூன்று நாள் செயலமர்வுக்குப் போய்ச் சான்றிதழோடு வருவதைவிட இது கூடுதலாக நிலைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கை மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

நீதிமன்றத்தில் உங்கள் நிலையத்து வழக்குகள் குறைவாக எடுக்கப்படும் நாளைப் பார்த்து, காலை அணிவகுப்பு முடிந்த கையோடு வகுப்பை வையுங்கள். பின்நேரம் என்று போட்டால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். ஆறு பேர் போதும். உப பரிசோதகர் ஒருவர், சார்ஜன் இரண்டு பேர், மற்றவர்கள் கான்ஸ்டபிள்கள். அதில் பெண் கான்ஸ்டபிள் ஒருவராவது இருக்க வேண்டும். அடுத்த வாரம் வேறு ஆறு பேர். குற்றப் பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிடாதீர்கள். சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேருவது அநேகமாக இரவு ரோந்தில் இருக்கும் கான்ஸ்டபிள்தான்.

வகுப்பில் எப்போதும் இளையவர் முதலில் பேச வேண்டும். பொறுப்பதிகாரி முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் "ஓம் சேர்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் கடைசியில் பேசட்டும்.

கோவையைத் தெரிவு செய்தல்

தீர்ப்பு வந்து, மேன்முறையீட்டுக் காலமும் கடந்த வழக்காக இருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்கை வகுப்புக்கு எடுக்கவே கூடாது. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கறுப்பு மையால் மறைத்த பிரதியைத்தான் மேசையில் வையுங்கள். பாலியல் குற்றம், சிறுவர் சம்பந்தப்பட்ட கோவை என்றால் மறைத்தாலும் வேண்டாம். சிறிய ஊரில் ஆள் யாரென்று சம்பவமே சொல்லிவிடும்.

விடுதலையில் முடிந்த வழக்கை எடுங்கள். முதல் முறைப்பாடு, சம்பவ இடக் குறிப்பு, சாட்சிகளின் வாக்குமூலங்கள், நீதிவானுக்குக் கொடுத்த பி அறிக்கை (விசாரணையில் தெரியவந்ததைச் சொல்லும் பொலிஸ் அறிக்கை), மேலதிக அறிக்கைகள், கடைசியில் நீதிமன்றக் கட்டளை: இவற்றை இந்த ஒழுங்கிலேயே வாசிக்க வேண்டும். கட்டளையை மட்டும் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு தாளையும் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதட்டும்: இதில் இன்னும் கேட்கப்படாதது என்ன? எல்லாம் முடிந்த பிறகு கட்டளையைத் திருப்பி, நீதிபதி எதைக் குறையாகக் கண்டார் என்று பார்க்கட்டும். பெரும்பாலான கோவைகளில் அந்தக் குறை முதல் நான்கு பக்கங்களுக்குள் இருக்கும். சாட்சி பொலிஸுக்குச் சொன்னதும் மன்றில் சொன்னதும் முரண்பட்டிருக்கும். அல்லது மன்றில் சொன்ன முக்கியமான விடயம் வாக்குமூலத்திலேயே இல்லாமல் விடுபட்டிருக்கும். சாட்சி பொய் சொன்னாரா, எழுதியவர் எழுதாமல் விட்டாரா என்பது அந்தக் கட்டத்தில் யாருக்கும் தெரியாது. பலன் எதிரிக்குத்தான், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத்தான் போகும்.

அதனால்தான் என் வகுப்புகளில் பாதி நேரம் வாக்குமூலத்துக்கே போகிறது.

வாக்குமூலம் எழுதப் பழகுதல்

நான் வழக்கமாகக் கொடுக்கும் கற்பனைச் சம்பவம் மாட்டுக் களவு. வவுனிக்குளத்துப் பக்கம் ஒருவருடைய பட்டியிலிருந்து இரண்டு நாம்பன்கள் காணாமற்போகின்றன. ஒருவர் மாட்டுக்காரராக நடிப்பார். அவரிடம் மட்டும் சம்பவத்தின் முழு விபரமும் எழுதிய தாள் இருக்கும். இன்னொருவர் முறைப்பாட்டை எழுதுவார். மூன்றாமவர் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் எண்ண வேண்டும்: எழுதுபவர் எத்தனை தரம் குறுக்கே பேசினார்?

முதல் தடவை அநேகமாக இப்படித்தான் போகும்.

"விளக்கு வைக்கிற நேரம் பட்டியை அடைச்சிட்டு வந்தனான் சேர். விடியப் போய்ப் பாத்தா ரெண்டு நாம்பனையும் காணேல்ல."

"பின்னேரம் ஆறரை. சரி. ஆரில சந்தேகம்?"

அவ்வளவுதான், வாய் அடைபட்டுவிட்டது. ஆறரை என்று சொன்னது எழுதுபவர், மாட்டுக்காரர் அல்ல. இரண்டாவது கேள்வி அவரை நேரே அயலவருடைய வேலிச் சண்டைக்குக் கொண்டுபோகும். பழைய பகை ஒன்று தாளில் ஏறும். மாடு போன பாதை ஏறாது.

இரண்டாம் தடவை இப்படிச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன்: "ஐயா, பட்டியை அடைச்சதில இருந்து விடியப் போய்ப் பாத்தவரைக்கும் நடந்ததை உங்கட பாட்டில சொல்லுங்கோ. நான் இடையில மறிக்க மாட்டன்."

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். இது இளைஞர்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். ஐந்து விநாடி மௌனம் வந்தாலே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் மாட்டுக்காரர் சொல்வார், நாய் குலைத்ததை, குளக்கட்டுப் பக்கம் லான்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) சத்தம் கேட்டதை, மகள் எழும்பி வெளிவிளக்கைப் போட்டதை. முழுவதும் சொல்லி முடிந்த பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி ஒவ்வொன்றாக விரியுங்கள். நேரம் தெரியவில்லை என்றால் மணியைக் கேட்டு நெருக்காதீர்கள். அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். தொலைக்காட்சியில் செய்தி போனது, கடைசி பஸ் போனது, கோவில் மணி கேட்டது என்று ஏதாவது ஒன்று வரும். அதைப் பிடித்து நேரத்தைப் பிறகு சரிபார்க்கலாம். தாளில் மட்டும் அவர் சொன்னபடியே "விளக்கு வைக்கிற நேரம்" என்று இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் "ஆறரை மணி என்று சொன்னீர்களா?" என்று கேட்டால் அந்த மனிதர் இல்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவர் சொல்லவில்லை.

மாட்டின் அடையாளத்திலும் இதே கவனம் வேண்டும். "சிவப்பு நிற மாடுகள் 02" என்று எழுதிய முறைப்பாடு, பிடிபட்ட லொறிக்கு முன்னால் நிற்கும்போது ஒன்றுக்கும் உதவாது. செவலை நாம்பன், நெற்றியில் சுட்டி, இடது காதில் வெட்டு, பின்தொடையில் குறி என்று வரிசையாகக் கேளுங்கள். குறியை அவருடைய கையாலேயே ஒரு தாளில் கீறச் சொல்லி, கையொப்பமும் திகதியும் போட்டு முறைப்பாட்டோடு சேருங்கள். மாட்டைக் காண முதல் கீறிய படம் என்பதால் மன்றில் அதற்குத் தனிப் பெறுமதி உண்டு.

கேள்வியின் ஒரு சொல்லே சாட்சியின் நினைவை மாற்றும். 1974ஆம் ஆண்டு எலிசபெத் லொஃப்டசும் ஜோன் பாமரும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்றில், ஒரே வாகன விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் வேகம் கேட்கப்பட்டது. "மோதி நொறுக்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள், "மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிடக் கூடிய வேகத்தைச் சொன்னார்கள். இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். கைப்பேசியில் ஒரு சிறிய விபத்துக் காணொளியைக் காட்டுங்கள். பாதிப் பேரிடம் "அடிச்சுத் தூக்கேக்க என்ன வேகம்?" என்றும் மற்றப் பாதியிடம் "தட்டேக்க என்ன வேகம்?" என்றும் துண்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். சிறிய குழுவில் ஒவ்வொரு முறையும் வித்தியாசம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரியும் நாளில், அந்த ஆறு பேரும் அதற்குப் பிறகு கேள்வி கேட்கும் விதம் மாறுகிறது.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவது மரியாதைக்காக அல்ல, அது சட்டம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகக் கிடைக்கும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத முடியாத உத்தியோகத்தர், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத இயலாவிட்டால்தான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் அவர் பேசிய மொழி எது, ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதைக் குறித்து, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். வன்னி நிலையங்களில் இது ஒவ்வொரு நாளும் வரும் விடயம். தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் திரும்பவும் தமிழுக்கு வருகிறது. இரண்டு தரம் மொழி மாறிய வாக்குமூலத்தில் அந்த மனிதரின் பேச்சு எவ்வளவு மிஞ்சும்? ஆகவே தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் எல்லா நேரமும் முறைப்பாட்டு மேசையில் இருக்கும்படி கடமைப் பட்டியலைப் போடுங்கள். பொறுப்பதிகாரி செய்யக்கூடிய மிகப் பெரிய விசாரணைச் சீர்திருத்தம் அதுதான். சிங்களம் பேசும் உத்தியோகத்தர்களையும் இந்த வகுப்பில் உட்கார வையுங்கள். நடிப்புப் பயிற்சியில் அவர்கள் மாட்டுக்காரராக இருந்து சிங்களத்தில் சொல்ல, தமிழ்க் கான்ஸ்டபிள் எழுதிப் பார்க்கட்டும். மொழி தெரியாத இடத்தில் முறைப்பாடு சொல்வது எப்படி இருக்கும் என்று இரு பக்கத்துக்கும் விளங்கும்.

வாசித்துக் காட்டும்போது பிழை சொன்னால் பழையதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் திருத்தி, இருவரும் ஒப்பமிட வேண்டும். வெள்ளை மை பூசிய வாக்குமூலத்தை நான் வகுப்பில் தொடவும் விடுவதில்லை.

சிறுவர்களையும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களையும் விசாரிப்பது தனிப் பயிற்சி. அதைப் பெண்கள், சிறுவர் பணியகத்தில் பயிற்சி பெற்றவரே கற்பிக்கட்டும். மற்ற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்: தனி அறை, பெண் உத்தியோகத்தர், ஒரே கதையை மேசைக்கு மேசை திரும்பச் சொல்ல வைக்காமை, உடுப்பைக் கழுவ விடாமை, தாமதமின்றிச் சட்டவைத்திய அதிகாரியிடம் அனுப்புதல். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தை ஒரு வகுப்பில் முழுதாக வாசியுங்கள். நிலையத்தில் பலருக்கு அதன் பெயர் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

சம்பவ இடம்

இதை அறைக்குள் படிப்பிக்க முடியாது. நிலையத்தின் பின்வளவில், இல்லையென்றால் பக்கத்துக் குளக்கட்டில் ஒரு சம்பவ இடத்தை உண்டாக்குங்கள். ஈர மண்ணில் செருப்புத் தடம், மோட்டார் சைக்கிள் சில்லுத் தடம், ஒரு சிகரெட் துண்டு, தூர எறிந்த கத்தி, கம்பியில் மாட்டிய துணித் துண்டு. இரண்டு பேரை ஊர்ச்சனமாக நடிக்க வைத்து உள்ளே நுழையச் சொல்லுங்கள். வன்னியில் ஒரு மரணம் என்றால் ஊரே திரண்டு வரும், சொந்தக்காரர் உடலைத் தொட்டு அழுவார்கள். அவர்களைத் தள்ளாமல், திட்டாமல், கயிறு கட்டி, கிராம உத்தியோகத்தரையோ ஊர்ப் பெரியவர் ஒருவரையோ கூட வைத்துக்கொண்டு விலக்கி நிற்க வைப்பதும் ஒரு விசாரணைத் திறன்தான்.

உள்ளே போக ஒரே ஒரு பாதை. அது குற்றவாளி நடந்திருக்கக்கூடிய பாதையாக இருக்கக் கூடாது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், வந்தார் என்று வாசலில் நிற்பவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் வந்தாலும் அவர் பெயரும் அதில் ஏறும்.

எங்கள் மண்ணுக்கென்று இன்னொரு விதி உண்டு. பற்றைக்குள் கால் வைக்க முதல், அந்த நிலத்தில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கேளுங்கள். சந்தேகமான இரும்பைக் கண்டால் நின்ற இடத்திலேயே நின்று, வந்த தடத்திலேயே திரும்பி, குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவுக்கு அறிவியுங்கள். தடயம் பிறகு. எலும்பு தென்பட்டாலும் இதே நிதானம் வேண்டும். 2023 யூன் மாத இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக மண் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்தன. பிறகு முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளைப்படி பேராசிரியர் ராஜ் சோமதேவவின் குழுவும் சட்டவைத்திய அதிகாரிகளும் அகழ்வை நடத்தினார்கள். 2018இல் மன்னார் சதொச வளவிலும் கட்டட வேலையின்போதுதான் எச்சங்கள் தெரிந்தன. இப்படியான இடத்தில் முதலில் நிற்கும் கான்ஸ்டபிளின் வேலை மூன்று: இயந்திரத்தை நிறுத்துவது, ஒருவரையும் ஒன்றையும் எடுக்க விடாமல் பார்ப்பது, நீதிவானுக்குத் தகவல் போய்ச் சேர வைப்பது. ஏற்கெனவே வெளியே அள்ளிப்போட்ட மண்ணையும் காவல் காக்க வேண்டும். அதற்குள்தான் பொத்தானும் பல்லும் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் இன்னமும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்த மண்ணைக் கவனமாகக் காப்பது அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன்.

படம் எடுப்பதற்கு ஒழுங்கு: தூரத்திலிருந்து முழு இடம், நடுத்தூரத்திலிருந்து பொருளும் சுற்றமும், பிறகு கிட்டத்தில் அளவுகோலோடு. கிட்டப் படத்தில் கமரா பொருளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சரிவாக எடுத்தால் அளவு பொய்யாகிவிடும். வரைபடத்துக்கு இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து அளவெடுங்கள்: மதகின் மூலை, கிலோமீற்றர்க் கல், மின்கம்பம். நிறுத்தியிருந்த டிராக்டரிலிருந்து அளந்தால் அடுத்த நாள் டிராக்டர் அங்கே இருக்காது.

காலடித் தடத்தை வார்த்தெடுக்க எல்லோருக்கும் பழக்குங்கள். ஸ்தலத் தடயவியல் பொலிஸார் வந்து சேர முதல், மாரி மழை தடத்தை அழித்துவிடும். அவர்கள் வரும்வரை ஒரு பேசினைக் கவிழ்த்து மூடி வைப்பதே முதல் உதவி. வருவதற்குள் அழிந்துவிடும் என்று தெரிந்தால் மட்டும் நீங்களே செய்யுங்கள். முதலில் அளவுகோல் வைத்துப் படம். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் அடிப்பாகத்தின் கோடுகள் தெளிவாகத் தெரியும். பிறகு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் தூளைத் தண்ணீரில் கட்டியில்லாமல், தோசை மா பதத்துக்குக் கரைக்க வேண்டும். தடத்துக்குள் நேரே ஊற்றாமல், பக்கத்து மண்ணில் ஒரு கரண்டி பிடித்து அதன்மேல் விழுந்து வழிந்து உள்ளே போகும்படி ஊற்றுங்கள். இறுக முதல் பின்புறத்தில் திகதி, இடம், உங்கள் இலக்கம் கீறுங்கள். அரை மணித்தியாலமாவது விட்டுத் தூக்கி, ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டாமல் அப்படியே பெட்டியில் வையுங்கள். ஒன்றிரண்டு நாள் காய்ந்த பிறகு ஆய்வு செய்பவர் சுத்தம் செய்வார். பயிற்சியில் ஒவ்வொருவரும் தன் சப்பாத்துத் தடத்தையே வார்த்து, மற்றவருடையதோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கட்டும். நான் பார்த்த வகுப்புகளில் எல்லோரும் நேரம் போனது தெரியாமல் செய்யும் பாடம் இது.

இரத்தம் பட்ட உடுப்பை நிழலில் காயவைத்துக் கடதாசிப் பையில் போட வேண்டும். பொலித்தீனில் போட்டால் எங்கள் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடித்து, பத்தரமுல்லையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய்ச் சேரும்போது பயனில்லாமல் போய்விடும். ஒரு பொருளுக்கு ஒரு பை, ஒவ்வொரு பைக்கும் முத்திரை, கைமாறும் ஒவ்வொரு தரமும் பெயரும் நேரமும் ஒப்பமும்.

கமராவும் கைப்பேசியும்

ஏ9 வீதியில் கடைக்குக் கடை கமரா இருக்கிறது. பதிவைக் கேட்கப் போகும்போது முதலில் கமராப் பெட்டி காட்டும் நேரத்தையும் உங்கள் கைப்பேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் பிடியுங்கள். பெட்டி நேரம் முன்பின்னாக ஓடுவது சாதாரணம். அதைக் குறிக்காமல் விட்டால் சந்தேகநபர் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருந்ததாக ஆகிவிடும். பழைய பதிவுகளின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் அன்றைக்கே போங்கள். திரையைக் கைப்பேசியால் படம்பிடிப்பதோடு நிறுத்தாமல், மூலப் பதிவையே பிரதியெடுத்து முத்திரையிட வேண்டும். இப்படியான பதிவுகளைச் சாட்சியமாக முன்வைக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழிவிடுகிறது. ஆனால் வழக்கு விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாள் முன்னரே மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த நாளைக் கோவையின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கைப்பற்றிய கைப்பேசியை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. "ஒருக்கா வட்ஸ்அப்பைப் பாத்திட்டுத் தாறன்" என்ற ஒரு நிமிடம், பிறகு அந்தக் கைப்பேசியில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

சந்தேகநபருக்கு முன்னால்

இங்கே நான் வகுப்பில் மிகவும் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அப்படியிருக்க, ஒப்புதலைப் பெறுவதையே நோக்கமாக வைத்து இரவு முழுவதும் ஒருவரை உட்கார வைப்பதில் என்ன இருக்கிறது? 27ஆம் பிரிவின் கீழ், அவர் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் உள்ளே வரும். அதுவும் சரியாக எழுதியிருந்தால்தான். கை ஓங்குவது சட்டப்படி குற்றம். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின் கீழ் ஆகக் குறைந்த தண்டனை ஏழு வருடச் சிறை. அடிபட்டவர் வலி நிற்க வேண்டுமென்பதற்காக எதையும் சொல்வார். உண்மைக் குற்றவாளி வெளியில் நடமாடுவார். எங்கள் சனம் பொலிஸுக்குப் பயந்து வாழ்ந்த காலம் நீண்டது. பயந்த ஊரில் சாட்சி கிடைக்காது.

அதற்குப் பதிலாகப் பழக வேண்டியது, பிரித்தானியப் பொலிஸார் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை. முன்கூட்டியே திட்டமிடு, ஆளோடு பேச்சைத் தொடங்கி ஏன் அழைத்தாய் என்று விளக்கு, அவர் கதையை முழுதாகக் கேள், சரிபார்த்து முடி, பிறகு உன்னுடைய விசாரணையையே மதிப்பிடு. நடிப்புப் பயிற்சியில் திட்டமிடும் பகுதிக்குத்தான் கூடிய நேரம் கொடுங்கள். கையிலுள்ள சான்று என்ன, அதற்குக் குற்றமற்ற விளக்கம் ஏதாவது இருக்க முடியுமா, எந்தக் கட்டத்தில் எந்தச் சான்றைக் காட்டப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதாமல் அறைக்குள் போகக் கூடாது. லான்மாஸ்டர் வைத்திருப்பவரிடம் குளக்கட்டுத் தடத்தைப் பற்றி முதலே சொல்லிவிட்டால், அதற்கேற்ற கதை உடனே வந்துவிடும். அன்றிரவு வண்டி எங்கே நின்றது என்பதை அவர் வாயால் முழுதாகக் கேட்ட பிறகு தடத்தைக் காட்டுங்கள்.

கைது செய்தால் காரணத்தை விளங்கும் மொழியில் சொல்வது, பொது விதிப்படி பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் கொண்டுபோவது ஆகிய இரண்டையும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் மனப்பாடமாகச் சொல்லட்டும்.

வகுப்பைத் தொடர்ந்து நடத்துவது

மாதத்தில் ஒரு வகுப்பை நீதிமன்றத்தில் வையுங்கள். தன் வழக்கு இல்லாத நாளில் இரண்டு கான்ஸ்டபிள்கள் சீருடையோடு பின்வரிசையில் இருந்து ஒரு குறுக்கு விசாரணையை முழுதாகக் கேட்கட்டும். திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். சட்டவைத்திய அதிகாரி, அரச சட்டத்தரணி, கால்நடை வைத்தியர், வனப் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஆகியோரை மாறி மாறி ஒரு மணித்தியாலம் அழையுங்கள். அழைக்கும்போது "விரிவுரை தாருங்கோ" என்று கேட்காதீர்கள். "எங்கட நிலையத்தில இருந்து வாற கடதாசியில உங்களுக்கு என்ன குறை தெரியுது?" என்று கேளுங்கள். கிரவல் மண், ஆற்று மணல், முதிரை மரம் கடத்தும் வழக்குகளில் அவர்கள் சொல்லும் சிறு சிறு திருத்தங்கள் பெரிய பலன் தருபவை.

வகுப்பைக் கொல்வது இடமாற்றம். நன்றாக நடத்திய உப பரிசோதகர் புத்தளத்துக்கோ மொனராகலைக்கோ போனதும் எல்லாம் நின்றுவிடும். அதற்காக ஒரு தடித்த கொப்பி வையுங்கள். ஒவ்வொரு வாரமும் எந்தக் கோவை படித்தோம், என்ன விடுபட்டிருந்தது, யார் வந்தார், அடுத்த மாதம் யாருக்கு எது திரும்பப் பழக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் முடியுங்கள். பொறுப்பைக் கையளிக்கும்போது ஆயுதப் பதிவேட்டோடு அந்தக் கொப்பியையும் கையளிக்க வேண்டும் என்று பொறுப்பதிகாரி எழுத்தில் கட்டளை போடட்டும். வகுப்பு நடத்த மாற்று ஆள் ஒருவரையும் முதல் மாதத்திலேயே பழக்கி வையுங்கள். அவர் சார்ஜனாக இருந்தால் நல்லது. ஊரும் சனமும் அவருக்குத்தான் கூடத் தெரியும்.

முதல் வகுப்புக்கு வேண்டியவை: பெயர் மறைத்த ஒரு கோவையின் ஆறு பிரதிகள், மாட்டுக்காரரின் கதை எழுதிய ஒரு தாள், வெற்றுத் தாள்கள், நேரம் பார்க்க ஒரு கைப்பேசி. பிளாஸ்டரும் பேசினும் மூன்றாம் வாரத்துக்கு வாங்கலாம். மாரி தொடங்க முதல் அந்தப் பாடத்தை முடித்துவிடுங்கள்.